பவர் ஸ்டீயரிங் பம்ப் ஏன் ஊளையிடுகிறது?

சென்னையிலிருந்து திருச்சிக்கு ஒரு பழைய டாட்டா இண்டிகா போகிறது என்று வைத்துக்கொள்வோம். நாற்கரச் சாலை, ஐந்து மணி நேரப் பயணம். தாம்பரத்தைத் தாண்டிவிட்டால் ஓட்டுநர் ஸ்டீயரிங்கைச் சுற்றித் திருப்புகிற சந்தர்ப்பம் டீக்கடைக்கு ஒதுங்கும்போதும் டோல்கேட்டில் வரிசை மாறும்போதும்தான். ஆனால் எஞ்சினோடு பெல்ட்டால் பிணைக்கப்பட்ட பவர் ஸ்டீயரிங் பம்புக்கு ஓய்வு கிடையாது. நிமிடத்துக்கு 2,500 சுற்று என்று கணக்குப் போட்டால், திருச்சி போய்ச் சேர்வதற்குள் அது 7,50,000 முறை சுழன்றிருக்கும். அதற்குள் இருக்கும் ஒவ்வொரு உலோகத் தகடும் 15,00,000 தடவை உள்ளே போய் வெளியே வந்திருக்கும்.

இப்படி உழைக்கும் ஒரு பொருள் என்றாவது தேய்வதில் வியப்பில்லை. வியப்பு வேறு இடத்தில் இருக்கிறது. ஒரே மாடல், ஒரே ஆண்டு, ஏறக்குறைய ஒரே கிலோமீட்டர் ஓடிய இரண்டு கார்களில் ஒன்றின் பம்ப் இருக்கிற இடமே தெரியாது. இன்னொன்று தெருமுனையில் திரும்பும்போதே ஊரைக் கூட்டும். பிரித்துப் பார்த்தால், கோளாறு பெரும்பாலும் பம்பில் தொடங்கியிருக்காது. அதற்கு வந்து சேர்ந்த ஆயிலில் தொடங்கியிருக்கும். சத்தம் போடுவது பம்ப் என்பதால் பழி அதன் மேல் விழுகிறது. ‘பம்ப் போச்சு சார், மாத்திடலாம்’ என்ற தீர்ப்பு பட்டறையில் இரண்டு நிமிடத்தில் வந்துவிடும். உண்மையான குற்றவாளி, ஆயில் டப்பாவுக்கும் பம்புக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் ஹோஸாக இருக்கலாம். அந்த ஹோஸைப் பிடித்திருக்கும் கிளிப்பாக இருக்கலாம். டப்பாவின் அடியில் யாரும் பார்க்காமல் கிடக்கும் சல்லடையாகவும் இருக்கலாம்.

இன்று ஷோரூமில் வாங்கும் சிறிய கார்களில் இந்தப் பம்பே இல்லை. ஒரு மின்மோட்டார் அந்த வேலையைச் செய்கிறது. 1988இல் ஜப்பானில் சுசுகி செர்வோ என்ற குட்டிக் காரில் முதலில் வந்த ஏற்பாடு அது; இன்று கிட்டத்தட்ட எல்லாச் சிறிய கார்களுக்கும் பரவிவிட்டது. ஆனால் நம் சாலைகளில் ஓடுவதெல்லாம் ஷோரூம் கார்கள் அல்லவே. இண்டிகா, மறைமலைநகர் ஆலையிலிருந்து 2010இல் வெளிவந்த முதல் தலைமுறை ஃபோர்டு ஃபீகோ, ஃபியட் புன்டோ, மஹிந்திரா லோகன் போன்றவை ஆயில் அழுத்தத்தால் இயங்கும் ஸ்டீயரிங்கோடு இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. அவற்றின் பம்புகளுக்கு வயதாகிவிட்டது. ஆயிலோ, சில கார்களில், ஆலையிலிருந்து வெளிவந்த அன்று ஊற்றியதாகவே இருக்கும்.

பம்ப் ஏன் ஓயாமல் சுற்ற வேண்டும்? திருப்பும்போது மட்டும் இயங்கினால் போதாதா? இதே கேள்வியைத் திருப்பிப் போட்டு விடை கண்டவர் அமெரிக்கப் பொறியாளர் பிரான்சிஸ் டேவிஸ். பியர்ஸ் ஏரோ நிறுவனத்தின் லாரிப் பிரிவில் வேலை பார்த்தவர். கனரக வண்டிகளைத் திருப்ப ஓட்டுநர்கள் படும் பாட்டை அருகிலிருந்து கண்டவர். ஆயிலை அழுத்தத்திலேயே தேக்கி வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது வால்வைத் திறந்துவிடும் அமைப்புகளில் கசிவு ஓயாத தொல்லை. டேவிஸ் வால்வை எப்போதும் திறந்தே வைத்தார். ஆயில் பம்பிலிருந்து புறப்பட்டு, தடையில்லாமல் சுற்றி, மறுபடி பம்புக்கே வந்துகொண்டிருக்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பினால் வால்வின் வழி குறுகும். அந்த நொடியில் மட்டும் அழுத்தம் எழும். 1926இல் காரில் பொருத்தி ஓட்டியும் காட்டினார். ஜெனரல் மோட்டார்ஸ் அவரோடு ஒப்பந்தம் போட்டு, செலவு கட்டுப்படியாகாது என்று 1934இல் கைவிட்டது. இரண்டாம் உலகப் போரில் கவச வண்டிகளுக்குப் பயன்பட்ட பிறகுதான் இந்தத் தொழில்நுட்பத்துக்கு மரியாதை வந்தது. 1951இல் கிரைஸ்லர் நிறுவனம் இம்பீரியல் காரில் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்குள் டேவிஸின் பழைய காப்புரிமைகள் சில காலாவதியாகிவிட்டன. கிரைஸ்லரின் வடிவமைப்பு அவற்றின் மேல்தான் எழுந்தது. கண்டுபிடித்தவருக்கும் காசு பார்ப்பவருக்கும் இடையே இப்படிக் கால் நூற்றாண்டு கழிவது பொறியியலில் புதிதல்ல.

நம் சின்னக் காரிலும் டேவிஸின் திறந்த வால்வுதான் இருக்கிறது. நேராகப் போகும்போது ஆயிலின் அழுத்தம் சில பார் மட்டுமே. காற்றுமண்டல அழுத்தத்தை ஏறக்குறைய ஒரு பார் என்று கொள்ளலாம். நிறுத்தி வைத்த காரில் ஸ்டீயரிங்கைக் கடைசிவரை ஒடித்தால் அது 70, 80 பாருக்கு எகிறும். சில கார்களில் 100ஐத் தொடும். ஸ்டீயரிங் தண்டின் கீழ்முனையில் மெல்லிய முறுக்குக் கம்பி ஒன்று இருக்கிறது. நாம் திருப்பும் விசையில் அது கொஞ்சம் முறுக்கிக்கொள்கிறது. அந்தச் சிறு முறுக்கலே வால்வின் வழியைக் குறுக்கி, சக்கரங்களைத் திருப்பும் பற்சட்டமான ரேக்கில் இருக்கும் பிஸ்டனின் ஒரு பக்கம் ஆயிலை அனுப்புகிறது. சக்கரம் திரும்புகிறது. நம் கைக்கு விரல் வேலைதான்.

பம்பின் உள்ளே முட்டை வடிவக் குழி. அதன் நடுவே ஓர் உருளை. உருளையில் வெட்டிய பள்ளங்களில் பத்து மெல்லிய தகடுகள், வழுக்கி வெளியே வரும்படி நிற்கின்றன. உருளை சுழலும்போது தகடுகள் குழியின் சுவரை உரசியபடி ஓடும். குழி அகலும் இடத்தில் தகடுகளுக்கு நடுவே இடம் விரிந்து ஆயில் உள்ளே இழுபடும். குறுகும் இடத்தில் ஆயில் நசுங்கி வெளியே தள்ளப்படும். முட்டை வடிவம் என்பதால் ஒரு சுற்றில் இது இரண்டு முறை நடக்கிறது. இழுக்கும் வாய்கள் இரண்டும் எதிரெதிரே, தள்ளும் வாய்கள் இரண்டும் எதிரெதிரே. ஒருபக்க அழுத்தத்தை மறுபக்க அழுத்தம் சரிக்கட்டிவிடுவதால் தண்டு எந்தப் பக்கமும் சாய்வதில்லை. அழகான வடிவமைப்பு. பெல்ட்டைப் பற்றிப் பேசும்போது இதை மறுபடி நினைவுபடுத்துவேன்.

ஒரு சங்கடம் உண்டு. ஸ்டீயரிங்குக்கு அதிகம் உதவி தேவைப்படுவது பார்க்கிங்கில், அதாவது எஞ்சின் மந்தமாக ஓடும்போது. நெடுஞ்சாலையில் உதவி தேவையே இல்லை. ஆனால் எஞ்சின் மூன்று மடங்கு வேகத்தில் பம்பைச் சுற்றுகிறது. எஞ்சின் 800 சுற்றில் ஓடும்போதே போதுமான ஆயிலைத் தரும்படி பம்பை அமைத்தாக வேண்டும். அப்படி அமைத்தால் வேகத்தில் ஆயில் பெருக்கெடுக்கும். உபரியை உள்ளுக்குள்ளேயே திருப்பி விட ஒரு வால்வு வைத்தார்கள். அழுத்தம் எல்லை மீறினால் திறந்துகொள்ளும் நிவாரண வால்வும் அதோடு சேர்ந்தே இருக்கும். இவை விரல் தடிமனுள்ள சிறு உருளைகள். அவற்றுக்கும் அவை ஓடும் துளைக்கும் இருக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்குகூட வராது.

இத்தனை உரசலிலும் உலோகம் உலோகத்தைத் தின்னாமல் இருப்பது ஆயில் படலத்தால். பம்புக்கு ஆயில்தான் சரக்கு, ஆயில்தான் மசகு, ஆயில்தான் குளிரூட்டி. மூன்றையும் ஒரே நேரத்தில் கெடுக்கக்கூடியது காற்று.

எந்தத் தாது எண்ணெயிலும் காற்று கரைந்தே இருக்கும்: சாதாரண அழுத்தத்தில் அதன் கொள்ளளவில் ஏறக்குறைய 9 சதவீதம். கண்ணுக்குத் தெரியாது, கெடுதலும் செய்யாது. ஆனால் பம்பின் இழுக்கும் வாயில் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. குறைவாக இருந்தால்தானே ஆயில் வரும். அந்தக் குறைவு ஓர் அளவைத் தாண்டினால் கரைந்திருந்த காற்று குமிழிகளாகப் பிரிகிறது. கோலி சோடாவின் குண்டைத் தட்டியதும் நுரைத்துக்கொண்டு வருகிறதே, அதே இயற்பியல். சோடாவில் கதை அங்கே முடிந்துவிடும். பம்பில் அங்கேதான் தொடங்குகிறது. 2,500 சுற்றில் ஓடும் பம்பில் ஒரு குமிழி இழுக்கும் வாயிலிருந்து தள்ளும் வாய்க்குப் போக கால் சுற்று, அதாவது 6 மில்லிநொடி போதும். அவ்வளவு நேரத்தில் ஒரு பாருக்கும் குறைவான அழுத்தத்திலிருந்து 80 பாருக்குத் தூக்கி எறியப்படுகிறது. குமிழி வெடிப்பதில்லை, உள்நோக்கி இடிந்து விழுகிறது.

இந்த இடிபாட்டுக்கு முதலில் பலியானவை கப்பல்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வேகமான நீராவிக் கப்பல்களின் சுழலிகள் எதிர்பார்த்த உந்துவிசையைத் தராமல் ஏமாற்றின. அவற்றின் உலோகம் அம்மை கண்டதுபோல் குழி விழுந்தது. பிரிட்டிஷ் கடற்படைக்கு இது பெரிய தலைவலி. இயற்பியலாளர் ராலே பிரபு 1917இல் ஒரு கோளக் குமிழி சுருங்கும்போது அதன் மையத்துக்கருகே எழும் அழுத்தத்தைக் கணக்கிட்டுக் காட்டினார்: சுற்றியுள்ள திரவத்தின் அழுத்தத்தைப்போலப் பல நூறு மடங்கு. உலோகச் சுவருக்குப் பக்கத்தில் இருக்கும் குமிழி உருண்டையாகக்கூடச் சுருங்காது. ஒரு பக்கம் உள்வாங்கி, சுவரை நோக்கி ஊசி போன்ற திரவத் தாரையைப் பாய்ச்சும் என்பது பின்னால் வந்த ஆய்வுகளில் தெரிந்தது. இழுக்கும் வாய் பட்டினி கிடக்கும் பம்பின் குழிச் சுவரில் அலையலையாகத் தெரியும் தடங்களுக்கு இந்தத் தாக்குதலே பெரும்பாலும் காரணம்.

இன்னொரு சேதம் ஆயிலுக்கே நேர்கிறது. காற்றை அவ்வளவு வேகமாக நசுக்கினால் அது சூடாகும். டீசல் எஞ்சின் வேலை செய்வதே அந்த விதியால்தான். பம்புக்குள் குமிழியின் உள்வெப்பம் கணக்குப்படி பல நூறு டிகிரிக்குப் போகும். ஒவ்வொரு குமிழியும் தன்னைச் சுற்றியுள்ள துளி ஆயிலைக் கருக்குகிறது. ‘வண்டி அதிகம் ஓடல, ஆயில் மட்டும் ஏன் இப்படிக் கறுத்துப்போச்சு?’ என்று கேட்பவர்கள் ஹோஸ் கிளிப்பைப் பார்க்க வேண்டும்.

ஊளை இந்தக் குமிழிகளின் குரல்தான். எஞ்சின் வேகத்தோடு சுருதி ஏறும், திருப்பும்போது உரக்கும். வேறு இரண்டு சத்தங்களோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. கடைசிவரை ஒடித்ததும் ‘உஸ்’ என்று வருவது நிவாரண வால்வு திறந்த சத்தம், அது ஆரோக்கியம். காலையில் ஸ்டார்ட் செய்தவுடன், அல்லது மழையில் நனைந்த பிறகு, திருப்பும்போது ‘கீச்’ என்பது பெல்ட் வழுக்கும் சத்தம். ஊட்டியில் குளிர்கால விடியலில் ஒரு நிமிடம் ஊளையிட்டுவிட்டு அடங்கும் வண்டிக்கும் பெரிய நோய் இல்லை. குளிரில் ஆயில் பல மடங்கு கெட்டியாகிறது, ஹோஸ் வழியாக வேகமாக வர முடியவில்லை, அவ்வளவுதான். வெயில் கொளுத்தும் வேலூரில் அதே சத்தம் வந்தால் அலட்சியம் செய்யாதீர்கள்.

காற்று எப்படி உள்ளே போகிறது? எளிய வழி, டப்பாவில் ஆயில் குறைவது. அளவு குறைந்த டப்பாவில் திருப்பத்திலோ பிரேக் அடிக்கும்போதோ ஆயில் ஒருபக்கம் ஒதுங்கும். பம்புக்குப் போகும் வாய் திறந்துகொண்டு காற்றைக் குடிக்கும். இது எல்லோருக்கும் தெரியும். பலருக்குத் தெரியாதது அடுத்தது. டப்பாவிலிருந்து பம்புக்கு வரும் ஹோஸில் வண்டி ஓடும்போது வெளிக்காற்றைவிட அழுத்தம் குறைவு. எனவே அங்கே கிளிப் தளர்ந்தாலோ, ரப்பர் காய்ந்து வெடித்தாலோ, ஆயில் சொட்டாது. காற்று உள்ளே போகும். தரையில் ஒரு துளி எண்ணெய்க் கறை இருக்காது, டப்பாவில் அளவு சரியாக இருக்கும், பம்ப் மட்டும் கதறும். பம்ப் தண்டின் ஆயில் சீலும் பல வடிவமைப்புகளில் இந்தக் குறைந்த அழுத்தப் பக்கத்திலேயே இருக்கிறது; அதற்கும் இதே கதை. கசிவைத் தேடுகிறவர் ஈரத்தைத் தேடுவார். இந்த நோயில் ஈரம் இல்லை. ஹோஸைக் கையால் அமுக்கிப் பார்ப்பதும், பத்து ஆண்டு கடந்த ரப்பரையும் கிளிப்பையும் கேள்வி கேட்காமல் மாற்றுவதும்தான் வழி. பம்பின் விலையோடு ஒப்பிட்டால் அந்தச் செலவு ஒன்றுமே இல்லை.

சல்லடை அடைத்துக்கொண்டால் வெளிக்காற்றுகூடத் தேவையில்லை. டப்பாவின் அடியில் நுண்ணிய வலை இருக்கும். பம்பும் ரேக்கும் தேய்ந்து விடும் உலோகத் தூள், ஹோஸின் உள்சுவரிலிருந்து உதிரும் ரப்பர், மூடியைத் துடைக்காமல் திறந்தபோது விழுந்த மண் எல்லாம் அதில் போய்ப் படியும். வழி அடைபட அடைபட பம்ப் இன்னும் பலமாக இழுக்கும். ஆயிலில் கரைந்திருந்த அந்த 9 சதவீதமே குமிழியாகப் பிரியும். பல கார்களில் சல்லடையைத் தனியாகக் கழற்ற முடியாது, டப்பாவையே மாற்ற வேண்டும். பிளாஸ்டிக் டப்பாவுக்கு இவ்வளவு விலையா என்று வண்டிக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். அடுத்த மாதம் பம்புக்கு அதைப்போல் பல மடங்கு கொடுக்கும்போது அந்தச் சுளிப்பு நினைவுக்கு வராது.

அடுத்து வெப்பம். இதில் ஓட்டுநரின் கை நேரடியாக இருக்கிறது. ஸ்டீயரிங்கைக் கடைசிவரை ஒடித்து அப்படியே பிடித்திருக்கிறீர்கள். ரேக் நகர இடமில்லை. பம்ப் தள்ளும் ஆயில் முழுவதும் நிவாரண வால்வைப் பிதுக்கிக்கொண்டு திரும்புகிறது. 80 பார் அழுத்தம், நிமிடத்துக்கு 6 லிட்டர் ஓட்டம் என்று வைத்துக் கணக்கிட்டால் 800 வாட். இந்தத் திறன் எந்தச் சக்கரத்தையும் திருப்பவில்லை, மொத்தமும் சூடாகிறது. அமைப்பில் இருக்கும் ஆயில் ஒரு லிட்டர்கூட இருக்காது. அதிலும் இந்தச் சூட்டை முதலில் வாங்குவது பம்புக்குள்ளேயே சுற்றும் கொஞ்சம் ஆயில். அது 100 மில்லி என்று கொண்டால் நொடிக்கு 5 டிகிரி ஏறும். பத்து நொடியில் 50 டிகிரி. ஏற்கெனவே எஞ்சின் சூட்டில் 80 டிகிரியில் இருந்த ஆயில் எங்கே போய் நிற்கும் என்று பாருங்கள். பல கார்க் கையேடுகள் ஃபுல் லாக்கில் சில நொடிகளுக்கு மேல் பிடித்து வைக்காதே என்று எச்சரிப்பது இதனால்தான். வெப்பம் 10 டிகிரி கூடினால் ஆயில் ஆக்சிஜனோடு வினைபுரியும் வேகம் சுமார் இரு மடங்காகும் என்பது வேதியியலில் புழங்கும் ஒரு தோராய விதி. ஆயில் கெடும், அதே சூட்டில் சீல் ரப்பரும் விறைக்கும்.

மயிலாப்பூர்ச் சந்தில் பின்னால் ஆட்டோக்காரர் ஹாரன் அடிக்கும்போது இயற்பியல் யாருக்கு நினைவிருக்கும்? கைப்பழக்கம் இருந்தால் போதும். கடைசிவரை ஒடித்த பின் விரலளவு திரும்ப விட்டால் வால்வு மூடிக்கொள்ளும். வண்டி திரும்பும் வட்டத்தில் அது தெரியவே தெரியாது. நிற்கிற வண்டியில் திருப்பாமல், உருளத் தொடங்கியதும் திருப்புவது அதைவிட நல்லது. நின்ற இடத்தில் டயரை முறுக்கினால் தரையை அது உரசிக்கொண்டே திரும்ப வேண்டும். நடை வேகத்தில் உருண்டாலே அந்த எதிர்ப்பு கணிசமாகக் குறைந்துவிடும். முன் டயர்களில் காற்று குறைவாக இருந்தாலும், அழகுக்காக அகல டயர் மாட்டியிருந்தாலும் இந்தச் சுமை கூடும். பம்பின் ஆயுளை பெட்ரோல் பங்க்கில் காற்றுப் பிடிக்கும் பையன் நீட்டிக்கிறான் என்றால் மிகையில்லை.

ஆயிலைத் தேர்ந்தெடுப்பதில் நடக்கும் விபத்துகள் தனி ரகம். டப்பா மூடியில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் வேதம். சிவப்பாக இருக்கும் ஆட்டோமேட்டிக் கியர் ஆயில் சில கார்களுக்குச் சரி. சிலவற்றுக்கு நிறுவனம் குறிப்பிட்ட தனி ஆயில் வேண்டும். சில ஐரோப்பிய வண்டிகளில் பச்சை நிறச் செயற்கை ஆயில். நிறத்தைப் பார்த்து ஊற்றக் கூடாது, ஒன்றோடு ஒன்று கலக்கக் கூடாது. எல்லாவற்றிலும் மோசமானது, அவசரத்துக்குப் பிரேக் ஆயிலை ஊற்றுவது. பிரேக் ஆயில் கிளைக்கால் வகை, ஸ்டீயரிங் ஆயில் பெட்ரோலியம் வகை. ஸ்டீயரிங் சீல்கள் நைட்ரைல் ரப்பரால் ஆனவை. பெட்ரோலியம் அதை ஒன்றும் செய்யாது, பிரேக் ஆயில் அதை ஊறவைத்துக் கெடுக்கும். போதாததற்கு, பம்ப் கேட்கும் மசகுத் தன்மை பிரேக் ஆயிலுக்கு இல்லை. பிரேக் சீல்களோ ஈ.பி.டி.எம். ரப்பர், அவற்றுக்கு நேர் எதிர்: கிளைக்காலில் நலமாக இருக்கும், பெட்ரோலிய ஆயில் பட்டால் உப்பிப்போகும். ஆகவே ஸ்டீயரிங் ஆயிலைத் தவறி பிரேக் டப்பாவில் ஊற்றுவது அதைவிட ஆபத்து. பம்ப் போனால் பணம் போகும், பிரேக் போனால் ஆளே போய்விடலாம். கசிவை நிறுத்தும் என்று பாட்டிலில் விற்கும் மருந்துகள் மீதும் எனக்கு நம்பிக்கை இல்லை. சீல் ரப்பரைக் கொஞ்சம் உப்பவைத்துக் கசிவை அடைப்பதுதான் அவற்றில் பலவற்றின் உத்தி. விறைத்து வெடித்த ரப்பருக்கு அது எத்தனை நாள் தாங்கும்?

எப்போது மாற்றுவது? பல நிறுவனங்கள் கால அளவே சொல்வதில்லை. வெள்ளைக் காகிதத்தில் ஒரு துளி விட்டுப் பார்த்து, கறுத்திருந்தாலோ கருகிய வாடை வந்தாலோ மாற்றலாம். 50,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றினால் நல்லது என்பது என் கருத்து. ஒரு லிட்டர் ஆயில்தானே. ஊசிக்குழாயால் டப்பாவில் இருப்பதை மட்டும் உறிஞ்சி எடுத்துப் புதிதை ஊற்றும் வீட்டு வைத்தியம் மோசமில்லை. ஆனால் கணக்குத் தெரிந்து செய்ய வேண்டும். மொத்தம் 900 மில்லியில் டப்பாவில் 300 என்றால், ஒருமுறை மாற்றினால் மூன்றில் இரண்டு பங்கு பழையது அப்படியே இருக்கும். இடையிடையே ஓட்டிக் கலக்கவிட்டு மூன்று முறை செய்தாலும் 30 சதவீதம் பழையதுதான். ஐந்தாவது முறைக்குப் பிறகு 13.

வெள்ளத்தில் நின்ற வண்டி விதிவிலக்கு. 2015 டிசம்பரில் சென்னையில் மூழ்கிய கார்களைப் போல எஞ்சின் மட்டத்துக்கு நீர் ஏறியிருந்தால், டப்பா மூடியின் காற்றுத் துளை வழியாகத் தண்ணீர் புகுந்திருக்கலாம். ஆயில் மோர் நிறத்தில் இருந்தால் எஞ்சினைத் தொடாமல் முதலில் அதை வெளியேற்ற வேண்டும்.

இப்போது பெல்ட். முட்டை வடிவக் குழியின் எதிரெதிர் அழுத்தங்கள் ஒன்றையொன்று சரிக்கட்டுவதால் பம்ப் தண்டுக்குப் பக்கவாட்டில் விழும் ஒரே பெரிய சுமை பெல்ட்டின் இழுப்பு. பெல்ட் தளர்ந்தால் கீச்சிடும், ஸ்டீயரிங் அவ்வப்போது இறுகும், யாராவது கவனித்துவிடுவார்கள். அளவுக்கு மேல் இறுக்கிய பெல்ட் சத்தமே போடாது. கீச் சத்தம் ஒழிந்ததே என்று வண்டிக்காரரும் மகிழ்ச்சியாகப் போவார். தண்டின் புஷ், மாதக்கணக்கில் ஒரு பக்கமாகத் தேய்ந்து, சீலின் உதடு விலகி, காற்றுக்கு வழி விடும். எவ்வளவு அழுத்தினால் எவ்வளவு உள்வாங்க வேண்டும் என்று கார்க் கையேட்டில் மில்லிமீட்டர் கணக்கில் போட்டிருப்பார்கள். கட்டை விரல் அனுபவம் நல்லதுதான், அளவுகோல் அதைவிட நல்லது.

இவ்வளவுக்குப் பிறகும் பம்ப் போய்விட்டதா? ஸ்டீயரிங் அடியோடு செயலிழக்காது. ரேக் பற்கள் சக்கரத்தோடு இணைந்தே இருக்கின்றன. ஆனால் பவர் ஸ்டீயரிங்கே இல்லாத பழைய மாருதி 800ஐவிடக் கனமாக இருக்கும். உதவி உண்டு என்ற நம்பிக்கையில் பற்களின் விகிதத்தை வேகமாக அமைத்திருக்கிறார்கள்; பிஸ்டனில் நிற்கும் ஆயிலையும் நம் கையே தள்ள வேண்டும். ஆயில் இல்லாமல் மெக்கானிக் வரை ஓட்டிப்போகலாம் என்று நினைப்பது தப்பு. வறண்ட பம்ப் இறுகி நின்றால் பெல்ட் அறுந்துபோகும்; அதே பெல்ட் தண்ணீர் பம்பையும் சுற்றினால் எஞ்சினும் கொதிக்கும். கசியும் ஆயில் சூடான புகைபோக்கிக் குழாயில் சொட்டினால் தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு.

புதுப் பம்ப் போட்டதோடு வேலை முடிந்தது என்று வண்டியை விட்டுவிடும் பட்டறைகள் பல. பழைய பம்ப் சாகும்போது உதிர்த்த உலோகத் தூள் ரேக்கிலும் குழாய்களிலும் டப்பாவிலும் மிச்சமிருக்கும். புதுப் பம்ப் முதல் நாளே அதைத்தான் குடிக்கும். ஆறு மாதத்தில் மறுபடி ஊளை வந்தால் ‘டூப்ளிகேட் பார்ட்ஸ்’ என்று பழி போடுவார்கள். திரும்பி வரும் ஹோஸைக் கழற்றி ஒரு பாட்டிலில் விட்டு, டப்பாவில் புது ஆயிலை ஊற்ற ஊற்ற, வெளிவருவது தெளியும்வரை ஓடவிட்டு அலசியாக வேண்டும். டப்பாவையும் அப்போதே மாற்றிவிடலாம்.

அலசிய பிறகு காற்றெடுக்க வேண்டும். முன் சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, எஞ்சினை ஓடவிடாமல், ஸ்டீயரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு மெதுவாகப் பலமுறை திருப்ப வேண்டும். டப்பாவில் ஆயில் இறங்க இறங்க நிரப்ப வேண்டும். எடுத்த எடுப்பில் எஞ்சினை ஸ்டார்ட் செய்தால் பெரிய குமிழிகளைப் பம்ப் பொடியாக அரைத்து ஆயிலோடு கலந்துவிடும். பிறகு அவை வெளியேற மணிக்கணக்காகும். குமிழி வருவது நின்ற பிறகே எஞ்சின்.

காற்று போய்விட்டதா என்று பார்க்க ஒரு சோதனை இருக்கிறது. பழைய ஃபீகோவோ இண்டிகாவோ வாங்கப் போகிறவர்களுக்கும் இதே சோதனை உதவும். வண்டியைச் சூடாகும்வரை ஓட்டி, சமதரையில் நிறுத்தி, எஞ்சின் ஓடும்போதே டப்பாவில் ஆயில் மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். எஞ்சினை அணையுங்கள். அழுத்தம் விட்டதும் உள்ளே நசுங்கிக் கிடந்த குமிழிகள் விரியும், மட்டம் உயரும். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் என்றால் கவலையில்லை. 5 மில்லிமீட்டருக்கு மேல் ஏறினால் காற்று இருக்கிறது. விற்பவர் ‘சத்தமே வராது சார்’ என்று சத்தியம் செய்தாலும், ஹோஸ், டப்பா, அலசும் கூலி மூன்றையும் கழித்துவிட்டு விலை பேசலாம்.